பேசாத மாணவருக்கு ஆர்வமில்லையா? இரண்டாம் மொழி வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பில் வாய் திறக்காதவரை ‘ஆர்வம் போதாது’ என்று முடிவுகட்டிவிடுவதுதான் இரண்டாம் மொழி கற்பிப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. மௌனத்துக்கான காரணத்தை மாணவரின் மனத்துக்குள்ளேயே தேடுகிறோம். எதிரே இருப்பவர்கள் யார், அவர்கள் காது கொடுப்பார்களா என்று பார்ப்பதில்லை.

கனடாவில் குடியேறிய ஐந்து பெண்கள் ஆங்கிலம் கற்ற விதத்தை ஆராய்ந்த போனி நார்ட்டன், 1995இல் எழுதிய கட்டுரையில் ‘முதலீடு’ என்ற கருத்தை விளக்கினார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியுவின் சிந்தனையை ஒட்டிய கருத்து இது. மொழியைக் கற்க உழைப்பவர் வேலை, நட்பு, மரியாதை என ஏதோ ஒரு பலனை எதிர்பார்க்கிறார். ஊக்கம் நிறைந்தவர்கூட, தன்னை மட்டம் தட்டும் வகுப்பில் உழைப்பைப் போட மாட்டார். ஊக்கத்துக்கும் முதலீட்டுக்கும் உள்ள இந்த வேறுபாடு புரியாவிட்டால் மருந்தும் மாறிப்போகும்: நட்சத்திரக் குறி, உற்சாகப் பேச்சு, கூடுதல் மதிப்பெண் என்று கொடுத்துக்கொண்டே இருப்போம், அவர் பேசாமலே இருப்பார்.

அந்த ஆய்வில் ஏவா என்று குறிப்பிடப்படும் பெண் உணவகத்தில் வேலை செய்தவர். தொலைக்காட்சிக் கார்ட்டூன் பாத்திரம் ஒன்றை அவருக்குத் தெரியவில்லை என்பதைக் கண்டு சக ஊழியர் வியந்தபோது, பதில் சொல்லாமல் இருந்துவிட்டார். பின்னர் ஊழியர்கள் ஒன்றாக வெளியே சென்ற நாட்களில் அவரை வேறு கண்ணோடு பார்த்தார்கள்; அதன்பின் ஐரோப்பிய வாழ்க்கையைப் பற்றி அவரே பேச்சைத் தொடங்கினார். அதே ஆய்வில் வரும் மார்ட்டினாவோ தொலைபேசியில் பேசவே பயந்தவர். வீடு மாறும்போது முழு ஆண்டு வாடகையும் தர வேண்டும் என்று வீட்டு உரிமையாளர் வற்புறுத்தியதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். வினைச்சொல்லின் கால விதிகள் எதையும் யோசிக்கவில்லை. அங்கே பேசியது ‘மொழி மாணவி’ அல்ல, குடும்பத்தைக் காக்கும் தாய்.

அடுத்த தவறு, அடையாளம் என்றாலே பிறந்த நாடு என்று எண்ணுவது. ‘உங்கள் நாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற பயிற்சி நல்லெண்ணத்தில் கொடுக்கப்படுவதுதான். ஆனால் வாரக்கணக்கில் அதையே கேட்டால், பொறியாளரும் தாயும் தையல் கலைஞரும் வெறும் ‘வெளிநாட்டவர்’ ஆகிவிடுகிறார்கள். அவர்களுக்கு நன்கு தெரிந்த வேலையை விளக்கச் சொல்லுங்கள். கேட்பவர்களுக்கு அது புதிதாக இருக்கட்டும். அறிவில் ஒரு படி மேலே நிற்பவருக்குப் பேச்சும் எளிதில் வரும்.

எதிர்காலக் கனவை அலட்சியம் செய்வதும் ஆபத்து. தான் சேர விரும்பும் தொழில் வட்டத்தை மனத்தில் வைத்தே ஒருவர் படிக்கிறார். அந்தக் கனவுக்கு ‘உங்கள் மொழி போதாது’ என்று ஆசிரியர் சொன்னால், வகுப்பையே விட்டு விலகுபவர்களும் உண்டு.

என்ன செய்யலாம்? இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு வைக்கச் சொல்லுங்கள். வகுப்புக்கு வெளியே நடந்த ஒவ்வொரு உரையாடலுக்கும் நான்கு வரி போதும்: யாரோடு, எதைப் பற்றி, யார் தொடங்கினார், எங்கே முறிந்தது. முறிந்த இடங்களை வகுப்பில் மூன்று பேர் கொண்ட குழுவில் பேசிப் பார்க்கட்டும். ‘அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்கலாம்?’ என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது இலக்கணமும் தானே வந்து சேரும். குறிப்பேட்டில் மட்டும் சிவப்பு மை வேண்டாம். பிழை திருத்திய மறுநாளே எழுத்து சுருங்கி, நமக்குப் பிடித்ததை மட்டும் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.