செனானில் எத்தனை எலெக்ட்ரான் கழன்றது? புற ஊதா லேசர் சோதனைக்கு ஒரு கைக்குறிப்பு

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து லேசர் ஆய்வகத்துக்குப் போகிறவர்களுக்கும், ஊரிலேயே சிறிய வெற்றிடக் கலன் அமைக்க நினைக்கிறவர்களுக்கும் இது. கலனில் விட்ட செனான் வாயுவில் புற ஊதா லேசர் பல்ஸைக் குவித்து, அணுவிலிருந்து எத்தனை எலெக்ட்ரான் கழன்றது என்பதை அயனிகள் வந்து சேரும் நேரத்தால் அறிவதுதான் சோதனை. லேசரை இயக்கும் முன் தாளில் போடும் கணக்குதான் பாதி வேலை.

முதலில் ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) எண்ணுங்கள். 1239.84-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலெக்ட்ரான்வோல்ட்டில் கிடைக்கும். கிரிப்டான் ஃப்ளோரைடு லேசருக்கு (248) அது 5.00, ஆர்கான் ஃப்ளோரைடுக்கு (193) 6.42. செனானின் முதல் எலெக்ட்ரானைக் கழற்ற 12.13 வேண்டும்; இதுதான் அயனியாக்க ஆற்றல். எனவே 248-இல் மூன்று ஃபோட்டான், 193-இல் இரண்டே போதும்.

தசமத்தை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். யாக் லேசரின் நான்காம் ஹார்மோனிக்கில் (அதிர்வெண்ணை நான்கு மடங்காக்கிய ஒளி, 266) ஒரு ஃபோட்டான் 4.661, மூன்று சேர்ந்தால் 13.98. கிரிப்டானுக்குத் தேவை 14.00. இந்த 0.02 குறைவால் நான்காவது ஃபோட்டான் வேண்டியிருக்கிறது. 4.7 என்று எழுதியிருந்தால் மூன்றே போதும் என்று விடை வந்து, பிறகு வரைபடம் ஏன் பொருந்தவில்லை என்று நாட்கணக்கில் தேட நேரிடும்.

லேசர் செறிவு கூடும்போது தேவையான ஆற்றலும் கூடும். 9.33×10⁻¹⁴-ஐச் செறிவாலும் (வாட்/ச.செ.மீ.) மைக்ரோமீட்டரில் அலைநீளத்தின் வர்க்கத்தாலும் பெருக்குங்கள். கூடும் அளவு எலெக்ட்ரான்வோல்ட்டில் கிடைக்கும்; 248-இல் 10¹⁴ செறிவுக்கு 0.57 வருகிறது. ஹீலியத்துக்கு 24.59 தேவை, ஐந்து ஃபோட்டான் 25.0 தரும், மீதி 0.41 மட்டும். ஆகவே அந்தச் செறிவில் ஆறாவது ஃபோட்டான் இல்லாமல் ஹீலியம் அசையாது.

செறிவுக்கு: பல்ஸ் ஆற்றலை 1.88-ஆல் பெருக்கி, பல்ஸ் நீளத்தாலும் குவியப் புள்ளியின் பரப்பாலும் வகுங்கள். 10 மில்லிஜூல், 500 ஃபெம்டோநொடி, 10 மைக்ரான் ஆரம் என்றால் 1.2×10¹⁶. சாதாரண எக்சைமர் லேசரின் (கிரிப்டான் ஃப்ளோரைடு போன்ற வாயு லேசர்) 100 மில்லிஜூல், 20 நானோநொடி, 50 மைக்ரான் ஆரத்துக்கு 1.2×10¹¹தான். எலெக்ட்ரானைப் பிடித்துவைத்திருக்கும் அணுவின் தடுப்பு, ஆற்றுக்கரை உடைவதுபோல் சரியும் செறிவைச் சுமாராக அறிய, அயனியாக்க ஆற்றலின் நான்காம் அடுக்கை 4×10⁹-ஆல் பெருக்கி, அயனி மின்சுமையின் வர்க்கத்தால் வகுங்கள். செனானின் முதல் எலெக்ட்ரானுக்கு 8.7×10¹³, இரண்டாவதற்கு (20.98) 1.9×10¹⁴. புற ஊதாவில் இதற்குக் கீழேயே கழலத் தொடங்கும் என்றாலும், பல எலெக்ட்ரான் வேண்டுமானால் நானோநொடி லேசரை நம்பாதீர்கள்.

இனி கலன். டெல்டாவில் பெரிய எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கலனைத் திறந்தால் சுவரெல்லாம் நீர்மூலக்கூறு ஒட்டிக்கொள்ளும். காற்றை விடாமல் உலர் நைட்ரஜனை விட்டுத் திறந்து, வேலையைச் சட்டென்று முடித்து மூடுங்கள். பிறகு 120 டிகிரியில் இரண்டு நாள் சுடவைத்து 10⁻⁸ மில்லிபாருக்கு இறக்குங்கள். கரண்ட் போனால் தானே மூடிக்கொள்ளும் வால்வு டர்போ பம்புக்கு (வெற்றிடம் உண்டாக்கும் அதிவேகச் சுழல் பம்பு) பின்னால் கட்டாயம் வேண்டும். செனானை லீக் வால்வு (வாயுவைத் துளித்துளியாக விடும் வால்வு) வழியாக 10⁻⁶ வரை விடுங்கள். அதற்கு மேல் போனால் அயனிகள் ஒன்றையொன்று தள்ளி, வந்து சேரும் நேரத்தின் வரைபடத்தில் உச்சங்கள் அகன்றுவிடும். ஜன்னல், லென்ஸ் இரண்டும் ஃப்யூஸ்டு சிலிக்கா. சாதாரண ஆப்டிகல் கண்ணாடி 248-ஐ விழுங்கிவிடும். கதிர் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை விசிட்டிங் கார்டைக் குறுக்கே நீட்டினால் பல்ஸ் விழும் இடம் நீலமாக மின்னும். அந்த அலைநீளத்துக்குரிய கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது.

2000 வோல்ட் முடுக்கம், 1 மீட்டர் பாதை என்றால் செனான்-132 ஒற்றை அயனி 18.5 மைக்ரோநொடியில் வந்து சேரும். இரட்டை அயனி 13.1, மூன்றாம் அயனி 10.7. மோசம் போவது இங்கேதான். மூன்று எலெக்ட்ரான் இழந்த செனான்-132-இன் நிறை/மின்சுமை 44. கார்பன் டை ஆக்சைடும் 44. நான்கு இழந்த செனான்-129 நிற்பது 32.25-இல், காற்றுக் கசிவின் ஆக்சிஜன் 32-இல், 0.04 மைக்ரோநொடிக்குள். ஆக்சிஜனின் அயனியாக்க ஆற்றல் 12.07, செனானின் முதல் எலெக்ட்ரானுடையதோடு ஏறக்குறைய சமம்; ஆகவே செறிவைக் குறைத்தால் நான்கு இழந்த செனான் முதலில் மறையும், ஆக்சிஜன் நிற்கும். ஒற்றைப்படை ஐசோடோப்புகளைப் பாருங்கள். 64.5, 65.5 இரண்டிலும் உச்சம் இருந்தால் அது செனான் 2+ (இரண்டு எலெக்ட்ரான் இழந்தது), 43.67-இல் இருந்தால் 3+, 32.75-இல் இருந்தால் 4+. 129, 131, 132 ஆகியவற்றின் உயரம் 26 : 21 : 27 என்ற விகிதத்தில் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

கடைசியாக, அயனி எண்ணிக்கையையும் செறிவையும் மடக்கை அளவில் வரையுங்கள். 248-இல் மூன்று ஃபோட்டான் வேண்டும் என்பதால் செனான் 1+ கோட்டின் சாய்வு 3 வர வேண்டும். குவியத்தில் அணுக்கள் தீர்ந்ததும் 1.5-க்கு வளையும். சாய்வு 1 பக்கம் வந்தால், சிதறிய ஒளி எஃகுச் சுவரிலிருந்து எலெக்ட்ரானைக் கிளப்பி, அந்த எலெக்ட்ரான் மோதி அயனி உண்டாகிறது. எஃகிலிருந்து எலெக்ட்ரானைக் கிளப்ப 5 எலெக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான் ஒன்றே போதும். லென்ஸைச் சில மில்லிமீட்டர் நகர்த்துங்கள். உண்மையான சிக்னல் சட்டென்று விழும், போலி அப்படியே நிற்கும்.