வீட்டு பீர்: பாட்டிலா, கெக்கா? பலரும் சறுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அதனால் இது அமெரிக்கா பக்கம் இருப்பவர்களுக்கு. அங்கே 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. அலபாமாவும் மிசிசிப்பியும் மட்டும் 2013 வரை இழுத்தடித்தன.

ஒரு தடவை காய்ச்சினால் 5 கேலன், அதாவது 19 லிட்டர் வரும். 355 மில்லி பாட்டிலில் அடைத்தால் ஐம்பதைத் தாண்டும். கழுவி, நிரப்பி, மூடி அடிப்பதற்குள் மாலை போய்விடும். மூன்றாவது தடவை, மொத்தத்தையும் ஒரே உலோகப் பீப்பாயில் ஊற்றி, வாயு ஏற்றி, குழாயில் பிடிக்க “கெக் வாங்கிடலாமா?” என்று தோன்றும். அலுப்பில் எடுக்கும் அந்த முடிவுதான் முதல் தவறு. எந்த பீர் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனை தூக்கலான ஐபிஏ என்ற பீர் வகை காற்றுப் பட்டால் சில வாரங்களில் மங்கிவிடும். அதற்குக் கெக் நல்லது. மாதக்கணக்கில் பழுக்க வேண்டிய பெல்ஜிய வகைகளுக்குப் பாட்டில்தான் சரி. கெக்கில் போட்டால் அத்தனை மாதமும் கெக் முடங்கிக் கிடக்கும்.

பாட்டிலில் பெரிய ஆபத்து அவசரம். நொதிக்கும் பீரில் குமிழி வருவது நின்றுவிட்டது என்று அடைத்துவிடுகிறார்கள். குமிழியை நம்பாதீர்கள், சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே அளவைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மிச்சமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் பாட்டிலுக்குள்ளேயே தின்னும், அழுத்தம் ஏறும், கண்ணாடி வெடிக்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, கண்ணே போகலாம். வாயுவுக்காகச் சேர்க்கும் சர்க்கரையையும் கரண்டிக் கணக்கில் போடாமல் எடைபோடுங்கள். சாதாரண ஏல் வகை பீருக்கு 19 லிட்டருக்கு சுமார் 110 முதல் 120 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை போதும். கொதிக்கவைத்த நீரில் கரைத்து மொத்த பீரிலும் கலந்துவிட்டால் எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி வரும். பழுப்பு பாட்டிலே எடுங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாற்றமெடுக்கும்.

கெக் வாங்கினால் தொல்லை விட்டது என்று நானும் நினைத்தேன். முதல் ராத்திரியே வாயு ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் காலி! மூடி ரப்பர் வளையத்தில் மெல்லிய கசிவு. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இன்னொன்று, கெக் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடுவது. குளிர்பான சிரப் அடைக்கப் பயன்பட்ட பழைய கார்னி கெக் மலிவாகவே கிடைக்கும். ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், கெக் நுழையும் ஃபிரிட்ஜ் என்று பில் வளர்ந்துகொண்டே போகும்.

அப்புறம் நுரை. பீர் வரும் குழாயைக் குட்டையாக வெட்டினால் டம்ளர் முழுக்க நுரைதான். கெக் 4 டிகிரி செல்சியஸ் குளிரில், வாயு அழுத்தம் 12 பி.எஸ்.ஐ. என்றால் சாதாரண மெல்லிய குழாய் 3 மீட்டர் அளவில் இருக்கட்டும். வாயு ஏற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பொறுமையில்லாமல் அழுத்தத்தைக் கூட்டிக் கெக்கைக் குலுக்குபவர்கள் அளவு தாண்டிப்போய், பிறகு வாயுவைத் திறந்துவிட்டுக்கொண்டிருப்பார்கள்.

கெக் வாங்கியதும் பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கெக் நிரம்பியபின் மிஞ்சுவதை அளந்து சர்க்கரை சேர்த்து, சுத்தமான பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடைத்து வைப்பேன். இரண்டு வாரம் கழித்து அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி இறுகியிருக்கும். அதுதான் பக்கத்து வீட்டுக்குப் போகும்.