வயசான கோழி சொணங்கி நின்னா வைத்தியமா, அறுப்பா? நாம வழக்கமா பண்ற தப்புங்க

வீட்டுல நாலு வருஷமா திரியற பெட்டைக்கோழி ஒன்னு இறகை சிலுப்பிக்கிட்டு ஓரமா சொணங்கி நின்னா நம்ம ஊர்ல உடனே வர்ற பேச்சு "சாகறதுக்குள்ள அறுத்துரு"ங்கறதுதான். இல்லன்னா சந்தை நாள் வரைக்கும் தாக்குப்பிடிக்க வச்சு யார் தலையிலயாவது கட்டிடறது. டவுன்ல மொட்டை மாடியில அஞ்சாறு கோழி வளக்கறவங்க இதுக்கு நேர் எதிரு, பேரு வச்சு வளத்துட்டதால கொல்ல மனசு வராம அட்டைப்பெட்டியில போட்டு வாரக்கணக்குல வாயில எதையாவது ஊத்திக்கிட்டே இருப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒரே விஷயத்தை விட்டுடறாங்க, கோழிக்கு என்ன ஆச்சு, அது பரவற சீக்கா இல்ல அதோட சொந்த உடம்பு தேஞ்சு வந்த கோளாறான்னு பாக்கறதில்ல. வைத்தியமா அறுப்பாங்கற முடிவு அதுல இருந்துதான் வரணும். விலையில இருந்தோ பாசத்துல இருந்தோ இல்ல.

முதல்ல சீக்கே இல்லாததை சீக்குன்னு நினைக்கறது. வருஷத்துக்கு ஒருதரம் கோழி இறகு கொட்டும், கழுத்துல ஆரம்பிச்சு உடம்பு வால்னு போகும், ரெண்டு மூணு மாசம் ஆகும், அந்த நேரம் முட்டை நின்னுடும், கொண்டை வெளிறும், கோழி எலும்பும் தோலுமா தெரியும். வயசான கோழிக்கு இது இன்னும் மோசமா தெரியும். புரதம் இருக்கற தீனி கொஞ்சம் சேத்துப் போட்டா போதும், மருந்து வேண்டாம். அடை விழுந்த கோழியும் அப்படித்தான், ஒரு நாளைக்கு ஒருதரம்தான் எந்திரிச்சு வரும், வந்தா பெருசா நாத்தம் புடிச்ச எச்சம் போடும், அதைப் பாத்து கழிச்சல்னு பயந்து மருந்து கலக்கறவங்க உண்டு. அக்னி நட்சத்திர வெயில்ல வாயைத் திறந்து இறக்கையை விரிச்சு இரைக்கறது பெரும்பாலும் சூடு, நிழலும் குளிர்ந்த தண்ணியும்தான் அதுக்கு மருந்து, ஆனா நிழல்ல விட்டும் சாயந்திரம் வரைக்கும் இரைப்பு நிக்கலன்னா அது வேற.

செல்லுங்கற ரத்தம் குடிக்கற பொடிப் பூச்சியை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. சிவப்பு செல்லு பகல்ல கோழி மேல இருக்காது, கூட்டோட இடுக்குல ஒளிஞ்சிருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், அதனால பகல்ல கோழியைப் புரட்டிப் பாத்து ஒன்னும் இல்லன்னு விட்டுடுவாங்க. கொண்டை வெளுத்து கோழி மெலிஞ்சா ராத்திரி டார்ச் அடிச்சு கூட்டைப் பாருங்க. செல்லு இருந்தா மருந்து கூட்டுக்கும் அடிக்கணும், கோழிக்கு மட்டும் போட்டா பத்து நாள்ல திரும்ப வந்துடும்.

முட்டை போடல, அதனால அறுத்துடலாம்ங்கறது இன்னொன்னு. சீக்கே இல்லாத வயசான நாட்டுக்கோழியை இதுக்காக கழிக்கறது எனக்கு உடன்பாடு இல்ல. நாட்டுக்கோழி நல்ல வயசுலயே வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டைதான் போடும், முட்டைக்குன்னு நாம அதை வளக்கறதும் இல்ல. நாலு வயசு தாய்க்கோழி அடைக்கு உக்காந்தா எந்திரிக்காது, பருந்து நிழல் பட்டாலே குஞ்சை இறக்கைக்குள்ள இழுத்துக்கும், அடை உக்காராத கலப்பினக் கோழியோட முட்டையைக்கூட பொரிச்சுக் குடுக்கும். இன்குபேட்டர் வச்சிருக்கறவங்களே அடைக்கோழி ஒன்னு இருக்கான்னு கேட்டு வர்றாங்க.

சரி, நிஜமாவே சீக்குதான்னு தெரிஞ்சா? இங்க பெரிய தப்பு பிரிக்காம விடறது. "சாயந்திரம் பாத்துக்கலாம்"னு விட்டா அதே தண்ணித் தொட்டியில மத்ததெல்லாம் குடிச்சு முடிச்சிருக்கும். கூடவே கூட்டத்துல சொணங்குன கோழியை மத்த கோழிங்க கொத்தும், தீனிகிட்ட விடாது, அதனால சீக்கோட பட்டினியும் சேந்துக்கும். தனிக் கூடு, தனித் தண்ணி, நல்ல கோழிக்கு தீனி வச்சிட்டு கடைசியா இதுகிட்ட போங்க, அந்த வரிசையை மாத்தாதீங்க.

பச்சையும் வெள்ளையுமா கழிச்சல், மூச்சுல சத்தம், ரெண்டு மூணு நாள்ல கழுத்து முறுக்கிக்கறது, ஒன்னுக்கு அப்புறம் ஒன்னு விழறது, இதெல்லாம் சேந்து வந்தா வெள்ளைக் கழிச்சல்னு சந்தேகப்படணும். இது வைரஸ், ஆன்டிபயாட்டிக் இதைத் தொடாது. மஞ்சள், சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறதை கால்நடை பல்கலைக்கழகத்துக்காரங்களும் மூலிகை முறையா சொல்றாங்க, ஆரம்பத்துல குடுங்க, தப்பில்ல, ஆனா கழுத்து முறுக்கி தலை தலைகீழா போன வயசான கோழியை அதை வச்சு மீட்டுடலாம்னு மாசக்கணக்குல வச்சிருக்காதீங்க. சிலது பிழைக்கும், பிழைச்சாலும் கொத்துன தீனி வாயில சேராது, கோணலாவே நிக்கும், முட்டைக்கும் அடைக்கும் பெரும்பாலும் ஆகாது. அது எச்சத்துலயும் மூச்சுலயும் கிருமியை விட்டுக்கிட்டு இருக்கற நாள் எல்லாம் மத்ததுக்கு ஆபத்து. இந்த இடத்துல கழிக்கறதுதான் சரி, அதுவும் சீக்கிரமா.

இன்னொரு கூத்து என்னன்னா சீக்கு வந்த அப்புறம் தடுப்பூசிக்கு ஓடறது. ஏற்கனவே சொணங்குன கோழிக்கு வெள்ளைக் கழிச்சலுக்கான ஆர்டூபி தடுப்பூசி போட்டா அது இன்னும் சுருண்டுக்கும். ஊசி நல்லா இருக்கறப்ப போடறது, போடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி குடற்புழு மருந்து குடுக்கறது. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில கோழிக்கழிச்சல் (வெள்ளைக் கழிச்சலைத்தான் அப்படிச் சொல்றாங்க) தடுப்பூசி முகாம் ரெண்டு வாரம் இலவசமா நடத்துது, அப்ப வயசான கோழிதானேன்னு அதை மட்டும் விட்டுட்டு குஞ்சுகளைக் கொண்டு போறவங்கதான் அதிகம்.

சளி விஷயம் கொஞ்சம் குழப்பமானது. மூக்குல ஒழுகி முகம் ஒரு பக்கம் வீங்கி நாத்தம் அடிக்கற சளிக்கு மருந்து கேக்கும், கோழி தேறிடும், ஆனா தேறுன கோழி கிருமியை வச்சுக்கிட்டே இருக்கும், வெயிலோ மழையோ மாறுனா திரும்ப வரும், புதுசா வாங்கி விடற கோழிக்கு ஒட்டும். உங்ககிட்ட இருக்கறது நாலே கோழி, வெளியில இருந்து எதுவும் சேக்கப் போறதில்லன்னா வைத்தியம் பாத்து வச்சுக்கோங்க. குஞ்சு பொரிச்சு விக்கறவங்களா இருந்தா வருஷா வருஷம் அதே சளியில விழற கிழட்டுக் கோழியை வச்சிருக்கறது உங்ககிட்ட வாங்கறவங்களுக்கு பண்ற துரோகம்.

அம்மைக்கு அவசரப்பட்டு அறுக்க வேண்டாம். கொண்டையிலயும் கண்ணைச் சுத்தியும் பொருக்கு வர்ற அம்மை ரெண்டுல இருந்து நாலு வாரத்துல தானா ஆறிடும், கொசுவால பரவறது, பொருக்கைப் பிச்செடுக்காதீங்க, கண்ணு மூடிட்டா கையால ஊட்டுங்க. வாய்க்குள்ள தொண்டையில மஞ்சளா படிஞ்சு மூச்சு அடைச்சா மட்டும் கவலைப்படணும். பாதத்துல கறுப்பா காய்ப்பு புடிச்சு வீங்கறது, கால் செதில் தூக்கிக்கிட்டு சொரசொரன்னு ஆகறது, இதெல்லாம் பாக்கறதுக்கு கோரமா இருந்தாலும் வைத்தியத்துக்கு கேக்கற சமாச்சாரம்.

இப்ப வயசான கோழிக்கே வர்ற கோளாறுக்கு வருவோம், குழப்பம் அதிகம் இங்கதான். முட்டை வரும் பாதையும் அடிவயிறும். நாமக்கல் பண்ணைகள்ல கூண்டுல முட்டை போட்டு ஓஞ்ச வெள்ளைக் கோழியை ஒன்றரை வயசு வாக்குல கழிச்சு விக்கறாங்க, சல்லிசா கிடைக்குதேன்னு வாங்கி வீட்டுல விடறாங்க. பிவி 300 மாதிரி ரகம் வருஷத்துக்கு முந்நூறு முட்டைக்கு மேல போட வளத்தது, அதோட முட்டைப் பாதை அதுக்குள்ளயே பாடாப் பட்டிருக்கும். நாட்டுக்கோழியிலயும் வயசு ஏற ஏற வரும், ஆனா இதுங்களுக்கு சீக்கிரம். வாங்கும்போதே ரெண்டு வருஷத்துக்கு மேல கணக்குப் போடாதீங்க.

முட்டை அடைச்சுக்கிட்டா கோழி வாலைக் கீழ விட்டு முக்கிக்கிட்டே இருக்கும், கூட்டுக்குள்ள போயி போயி வரும். இது காப்பாத்தக்கூடிய விஷயம், ஆனா நேரம் ரொம்ப கம்மி. வெதுவெதுப்பான தண்ணியில கால் மணி நேரம் வயிறு வரைக்கும் உக்கார வைங்க, இருட்டான கதகதப்பான இடத்துல விடுங்க, கால்சியம் குடுங்க. ஒரு முட்டை உருவாகறதுக்கே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும், அதனால ஒரு நாள் தாண்டியும் வரலன்னா பின்னாடியே அடுத்தது சேரும்னு வைங்க, டாக்டர்கிட்ட போயிடணும். விரலை விட்டு உடைச்சு எடுக்கறதுதான் இங்க பண்ற பெரிய தப்பு, உள்ள ஓடு கிழிச்சு சீழ் வைக்கும், அப்புறம் கோழி சாகறது அந்த அடைப்பால இல்ல, நாம கை வச்சதால.

முட்டைக்கரு பாதையில சேராம வயித்துக்குள்ளயே விழுந்து அழுகறது வேற. அடிவயிறு தொங்கி சூடா மெத்துன்னு இருக்கும், கோழி பெங்குயின் மாதிரி நிமிந்து நடக்கும், நெஞ்செலும்பு கத்தி முனையா குத்தும், ஆனா தூக்கினா எடை இருக்கற மாதிரியே தெரியும். எடை கூடியிருக்கு, தேறிடுச்சுன்னு சந்தோஷப்படறவங்க உண்டு, அது வயித்துல தேங்குன தண்ணியோட எடை. ஊசி குத்தி தண்ணியை இறக்கினா ரெண்டு மூணு நாள் சுறுசுறுப்பா திரியும், திரும்ப சேந்துக்கும். முட்டைப்பையில புத்துநோய் வந்தாலும் வெளியில இதே மாதிரிதான் தெரியும், வயசான பெட்டைக்கு அது எவ்வளவு சகஜம்னா பெண்களுக்கு வர்ற சினைப்பைப் புத்துநோயை ஆராயறதுக்கே கோழியைத்தான் வச்சுப் பாக்கறாங்க. வயிறு இந்த அளவுக்கு இறங்கி, தீனியும் நின்னு, நடக்கவும் முடியாம ஆன கோழியை வச்சிருக்கறது நமக்கு ஆறுதல், அதுக்கு இல்ல.

மருந்து ஊட்டறதுல நடக்கற கொடுமையைப் பத்தி தனியாவே எழுதலாம். கோழியோட மூச்சுக்குழாய் வாசல் நாக்கு முடியற இடத்துக்குப் பின்னாடியே திறந்திருக்கு. வாயைப் பிளந்து சங்குல ஊத்தற மாதிரி ஊத்தினா நேரா நுரையீரலுக்குப் போயிடும், "மருந்து குடுத்த உடனே செத்துப் போச்சு"ன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அலகு ஓரத்துல சொட்டு சொட்டா விடுங்க, அது முழுங்கட்டும். கழுத்தடியில தீனி சேர்ற இரைப்பை காலையில காலியா இல்லாம கல்லு மாதிரி இருந்தா தலைகீழா பிடிச்சு வாந்தி எடுக்க வைக்கறாங்களே, அதுலயும் இதே ஆபத்து. வீட்டுல மிச்சம் கிடக்கற மாத்திரையை உடைச்சுப் போடறதும் வேண்டாம். கோலிஸ்டினை 2019-லயே கால்நடைக்கும் கோழிக்கும் தடை பண்ணிட்டாங்க, பழைய டப்பா இருந்தாலும் குடுக்காதீங்க. எந்த மருந்து குடுத்தாலும் எத்தனை நாளைக்கு முட்டையும் கறியும் சாப்பிடக்கூடாதுன்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வைங்க.

கெடு வைக்காம வைத்தியம் பாக்கறதுதான் பாசக்காரங்க பண்ற தப்பு. என் கணக்கு இது: பிரிச்ச நாள்ல சமையல்கட்டு தராசுலயோ எதுலயோ எடை போடுங்க, தினமும் தீனி எடுத்துச்சா தண்ணி குடிச்சுதா எச்சம் எப்படின்னு பாருங்க, மூணு நாள்ல எதுவுமே நல்லதுக்கு மாறலன்னா டாக்டரைப் பாருங்க (1962-க்கு போன் போட்டா நடமாடும் கால்நடை வண்டி வரும்), பாத்தும் இன்னும் நாலஞ்சு நாள்ல தானா தின்ன ஆரம்பிக்கலன்னா முடிச்சுடுங்க. அம்மை, கால் புண்ணு மாதிரி மெதுவா ஆறறதுக்கு இந்தக் கெடு பொருந்தாது, அதுங்க தின்னுக்கிட்டே இருக்கும்.

சீக்குக் கோழி கறியைப் பத்தி. நல்லா கொதிக்க வச்சா ஒன்னும் ஆகாதுன்னு சொல்லுவாங்க. குழம்புல கிருமி செத்துடும், சரி, ஆனா அறுக்கற கைக்கும் இறகு பறிக்கற இடத்துக்கும் கழுவுன தண்ணியை நக்கற நாய்க்கும் கொத்தற மத்த கோழிக்கும் யாரு பதில் சொல்றது? குடுத்த மருந்து கொதிச்சாலும் முழுசா போறதில்ல. நல்ல திடகாத்திரமா இருக்கற கிழட்டுக் கோழியை கறிக்கு அறுக்கறது வேற, தாராளமா பண்ணுங்க, கொஞ்சம் ஜாஸ்தி விசில் விடணும், ரசம் அருமையா வரும். ஆனா ஒரே நாள்ல நாலஞ்சு கோழி திடீர்னு விழுந்து கிடந்தா, கொண்டை நீலம் பாரிச்சு முகம் வீங்கியிருந்தா, அறுக்கவும் வேண்டாம், கையால தூக்கவும் வேண்டாம், கால்நடை மருந்தகத்துக்கு தகவல் சொல்லுங்க. அது பறவைக்காய்ச்சலா இருக்கலாம், 2006-ல மகாராஷ்டிராவுல நவாப்பூர்ல இந்தியாவுலயே முதமுதலா வந்த அந்தக் காய்ச்சல் அதுக்கப்புறம் கேரளா வரைக்கும் பல தடவை வந்துட்டுப் போயிருக்கு.

கழிக்கறதுன்னு ஆயிட்டா ஒழுங்கா கழிக்கணும். புதருக்குள்ள விட்டுட்டு வர்றது, தண்ணியில அமுக்கறது, விஷம் வைக்கறது, இதெல்லாம் கோழிக்கும் கொடுமை, விஷம் தின்ன கோழியைத் தின்னா நாயும் காக்காவும் சாகும். பழகுன ஆளு காலைப் பிடிச்சு கழுத்தை இழுத்து தலையைப் பின்னால மடக்கினா எலும்பு விலகி சில நொடியில நினைவு போயிடும், அப்புறம் கொஞ்ச நேரம் இறக்கை அடிக்கறது வெறும் நரம்புத் துடிப்பு. பழக்கமில்லாம நீங்களே அரைகுறையா பண்ணாதீங்க, பக்கத்துல தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க. மூணடிக்குக் குறையாம குழி, மேல சுண்ணாம்பு, அப்புறம் மண்ணு. கிணத்துப் பக்கமோ வாய்க்கால் ஓரமோ வேண்டாம்.

என்ன சீக்குன்னே தெரியாம கழிச்சிருந்தா, மத்த கோழி நிறைய இருந்தா, உடனே புதைக்காம பை மேல பை போட்டு ஐஸ் வச்சு, உறைய விடாம, அன்னைக்கே மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கால்நடை பல்கலைக்கழக மையத்துக்கோ கொண்டு போயி அறுத்துப் பாக்கச் சொல்லுங்க. கூட்டுல மிச்சம் நிக்கறதுக்கு ஊசியா, குடற்புழு மருந்தா, இல்ல ஒன்னுமே வேண்டாமான்னு அங்கேயே சொல்லிடுவாங்க.