‘ரெஃப்யூஸ்டு’ வந்தால் ரூட்டரைத் தொடாதீர்கள்

எஸ்எஸ்ஹெச் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழையும்போது ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், பாஸ்வேர்டையும் ரூட்டரையும் நோண்டாமல், அந்தக் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓடுகிறதா, எந்தப் போர்ட்டில் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

மறுப்பு வருகிறது என்றாலே அந்த முகவரியில் ஏதோ ஒரு மெஷின் பதில் சொல்கிறது என்று அர்த்தம். எஸ்எஸ்ஹெச்சின் வழக்கமான 22-ஆம் போர்ட்டில் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். ஃபயர்வால் உங்கள் அழைப்பைச் சத்தமில்லாமல் விழுங்கினால் வெகுநேரம் இழுத்தடித்து ‘டைம்ட் அவுட்’ என்று வரும். பாஸ்வேர்டு தப்பென்றால் ‘பெர்மிஷன் டினைடு’. உபுண்டு டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்ஹெச் சர்வர் கூடவே வருவதில்லை, நாம்தான் போட வேண்டும். பலருக்கும் வினை அங்கேதான்.

இது எடுபடாத இடமும் உண்டு. பாஸ்வேர்டைப் பல தடவை தப்பாக அடித்தபின் திடீரென்று ‘ரெஃப்யூஸ்டு’ வந்தால், ஃபெயில்2பேன் (தப்பான முயற்சிகளைக் கவனித்துத் தடுக்கும் புரோகிராம்) உங்கள் ஐபி முகவரியைத் தடுத்திருக்கலாம். அதுவும் இதே மறுப்பைத்தான் அனுப்பும். வெளியிலுள்ள சர்வர் என்றால் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி முயன்றால் தெரிந்துவிடும். வீட்டு நெட்வொர்க்கிலோ, ரூட்டர் ஐபியை மாற்றிக் கொடுத்திருந்தால், பழைய ஐபியில் இப்போது இருக்கும் பிரிண்டர்கூட உங்களை மறுக்கும்!