வி. சாந்தாராமை அறிய எந்தப் படத்திலிருந்து தொடங்குவது

சாந்தாராம் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை 1955இல் வெளிவந்த ‘ஜனக் ஜனக் பாயல் பாஜே’, 1959இல் வெளிவந்த ‘நவ்ரங்’ போன்ற இந்திப் படங்களின் வண்ணமயமான நடனக் காட்சிகள்தாம். அவற்றிலிருந்து தொடங்குபவர் அவரை அலங்காரத்தில் தேர்ந்த ஓர் இயக்குநராக மட்டும் மதிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடக்கூடும். அது பெரிய இழப்பு. அவருடைய வாழ்க்கையையும் கலையையும் சேர்த்து அறிய விரும்புவோர் 1937இலிருந்து 1941 வரை புணேயில் அவர் மராத்தியில் எடுத்த மூன்று சமூகப் படங்களை முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து முன்னும் பின்னும் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான வழியையே இங்கே எழுதுகிறேன்.

படம் பார்க்க அமர்வதற்கு முன் வாழ்க்கைக் குறிப்புகள் சிலவற்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சாந்தாராம் ராஜாராம் வணகுத்ரே 1901 நவம்பர் 18 அன்று கோலாப்பூர்ப் பகுதியில் பிறந்தார். சிறுவயதில் கந்தர்வ நாடக மண்டலியில் நடித்தார். பிறகு, 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில், கோலாப்பூரில் பாபுராவ் பெயின்ட்டர் நடத்திய மகாராஷ்டிரா ஃபிலிம் கம்பெனியில் சேர்ந்து, அங்கே கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து தொழில் கற்றார். 1925இல் பெயின்ட்டர் எடுத்த ‘சாவ்காரி பாஷ்’ என்ற மௌனப் படத்தில், கந்துவட்டிக்காரனிடம் நிலத்தை இழந்து பிழைப்புக்காக நகரத்துக்குப் போகும் இளம் விவசாயியாக நடித்தவர் அவரே. புராணங்களும் அரச கதைகளும் நிறைந்திருந்த ஒரு காலத்தில் கடன்பட்ட விவசாயியின் முகத்தை ஏற்று நடித்த அந்த அனுபவம், பின்னாளில் அவர் எடுத்த சமூகப் படங்களுக்கு விதையாக இருந்தது என்றே நான் எண்ணுகிறேன். 1927இல் ‘நேதாஜி பால்கர்’ மூலம் இயக்குநரானார். 1929 ஜூன் 1 அன்று விஷ்ணுபந்த் தாம்லே, ஃபத்தேலால், கேசவராவ் தாய்பர், சீதாராம் குல்கர்னி ஆகியோருடன் சேர்ந்து பிரபாத் ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். 1932இல் இந்த நிறுவனத்துக்காக அவர் இயக்கிய ‘அயோத்யேச்சா ராஜா’தான் மராத்தியின் முதல் பேசும் படம். 1933இல் நிறுவனம் புணேக்கு இடம்பெயர்ந்தது.

இந்த அளவு தெரிந்தால் போதும். இனி ‘குங்கூ’வைப் பாருங்கள். 1937இல் வெளிவந்த இப்படத்தின் தலைப்புக்கு நம் குங்குமம் என்றே பொருள். நாராயண் ஹரி ஆப்தேயின் நாவலைத் தழுவியது. தாய் தந்தையற்ற நீரா என்ற பெண்ணை அவளுடைய மாமன் வஞ்சித்து, மனைவியை இழந்த ஒரு முதிய வழக்கறிஞருக்கு மணமுடித்து வைக்கிறான். அவள் அழுது அடங்கிவிடவில்லை. அந்தத் திருமணத்தைத் திருமணமாக ஏற்கவே மறுத்து, அதே வீட்டுக்குள் தலைநிமிர்ந்து வாழ்கிறாள். நீராவாக சாந்தா ஆப்தேயும் முதியவராக கேசவராவ் தாத்தேயும் நடித்தார்கள்.

முதல் முறை பார்க்கும்போது கதையோடு செல்லுங்கள். இரண்டாம் முறை காதால் பாருங்கள். இந்தப் படத்தில் வழக்கமான பின்னணி இசை கிடையாது. வீட்டுக்குள்ளும் தெருவிலும் இயல்பாக எழும் ஒலிகளே உணர்ச்சியைச் சுமக்கின்றன. கையில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சியிலும் கேட்கும் ஒலி எங்கிருந்து வருகிறது என்று எழுதிப் பாருங்கள். சுவர்க் கடிகாரத்தின் ஓசை முதியவரின் வயதை அவருக்கே திரும்பத் திரும்ப நினைவூட்டுவதை அப்போது உணர்வீர்கள். இந்தியாவில் பேசும் படம் பிறந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், பாட்டுக்கும் வசனத்துக்கும் அப்பால் ஒலியால் என்ன செய்ய முடியும் என்று ஒருவர் இவ்வளவு ஆழமாகச் சிந்தித்திருக்கிறார் என்பது இன்றைக்கும் என்னை நெகிழச் செய்கிறது.

மூன்றாவதாக, முதியவரின் மகளாக வரும் பெண்ணைக் கவனியுங்கள். நீராவின் பக்கம் நிற்கும் அந்தச் சமூக ஊழியராக நடித்த சகுந்தலா பராஞ்சபே, வாழ்விலும் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக உழைத்தவர். பிற்காலத்தில் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானவர். திரைக்கு வெளியே போராடிய ஒருவரையே அந்தப் பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுத்ததில் இயக்குநரின் நோக்கம் தெளிவாகத் தெரிகிறது.

அடுத்தது ‘மாணூஸ்’, 1939. நாம் சொல்லும் ‘மனுஷன்’தான் அந்தச் சொல். ஒரு காவலருக்கும், சோதனையின்போது அவர் காப்பாற்றும் பாலியல் தொழிலாளி மைனாவுக்கும் இடையே மலரும் அன்பைச் சொல்லும் படம். காவலராக ஷாஹூ மோடக்கும் மைனாவாக சாந்தா ஹுப்ளிகரும் நடித்தார்கள். காதல் தோற்றால் குடித்து அழிவதே பெருமை என்ற எண்ணம் திரையில் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், கடமைக்குத் திரும்பி வாழ்வதைப் பற்றி எடுக்கப்பட்ட படம் இது. நாளையைப் பற்றி இன்றே எதற்குப் பேச வேண்டும் என்று மைனா பாடும் பாட்டில் பல இந்திய மொழிகளின் அடிகள் கலந்து வரும். அந்தப் பாட்டு வரும்போது அவள் முகத்தையும், கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகங்களையும் மாறி மாறிக் கவனியுங்கள்.

மூன்றாவது படமான ‘சேஜாரி’ 1941இல் வந்தது. அண்டைவீட்டார் என்று பொருள். அடுத்தடுத்த வீடுகளில் உயிர் நண்பர்களாக வாழும் ஓர் இந்து முதியவரையும் ஒரு முஸ்லிம் முதியவரையும், அணை கட்ட வரும் ஒருவரின் நலன்கள் பிரித்துவிடுகின்றன. உடையும் அணையில் இருவரும் இறந்துபோகிறார்கள். இந்தப் படத்தைப் பார்க்கும்போது, அதன் இந்தி வடிவமான ‘படோசி’யையும் தேடிப் பார்ப்பது அவசியம். பிரபாத் நிறுவனம் முக்கியமான படங்களை மராத்தியிலும் இந்தியிலும் தனித்தனியே எடுத்தது. ‘குங்கூ’ இந்தியில் ‘துனியா ந மானே’ ஆனது, ‘மாணூஸ்’ ‘ஆத்மி’ ஆனது. ‘படோசி’யில் முஸ்லிம் நண்பராக இந்து நடிகரான கஜானன் ஜாகீர்தாரும், இந்து நண்பராக முஸ்லிம் நடிகரான மஸ்ஹர் கானும் நடித்தார்கள். நாட்டில் மதப் பிளவு கூர்மையடைந்துகொண்டிருந்த ஆண்டுகளில் செய்யப்பட்ட அந்தத் தேர்வே, வசனங்களைவிட வலுவாகப் பேசுகிறது. இரண்டு வடிவங்களையும் பார்க்கும்போது ஒரே நாளில் பார்க்காமல், சில நாள்கள் இடைவெளி விட்டுப் பாருங்கள். இல்லையென்றால் முகங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

இவற்றுக்குப் பிறகு பின்னோக்கிச் செல்லலாம். 1934இன் ‘அம்ருத் மந்தன்’, பலியை எதிர்க்கும் கதை. திரை நிறைந்து விரியும் ராஜகுருவின் கண்ணுக்காகவே அதைப் பார்க்கலாம். 1935இன் ‘தர்மாத்மா’வில், மராத்திய பக்திக் கவிஞரான ஏகநாதராக நடித்தவர் பால கந்தர்வர். எந்த நாடக மண்டலியில் சாந்தாராம் சிறுவனாக நின்றாரோ, அதன் தலைவரையே அவர் இயக்கினார் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் படம் வேறொரு கனத்தோடு தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பிரபாத்தின் தலைசிறந்த பக்திப் படமான ‘சந்த் துகாராம்’ பல நேரங்களில் சாந்தாராமின் கணக்கில் சேர்க்கப்படுகிறது. 1936இன் அந்தப் படத்தை இயக்கியவர்கள் தாம்லேயும் ஃபத்தேலாலும்தாம்.

1942இல் அவர் பிரபாத்தை விட்டு வெளியேறி, மும்பையில் ராஜ்கமல் கலாமந்திர் நிறுவனத்தைத் தொடங்கினார். தந்தை ராஜாராம், தாய் கமலா ஆகிய பெயர்களின் சேர்க்கை அது. இந்தக் காலத்திலிருந்து மூன்று படங்களைப் பரிந்துரைப்பேன். சாஹிர், அதாவது மராத்திய மக்கள் பாடகர்-கவிஞர், ஹோனாஜியின் வாழ்க்கையைச் சொல்லும் 1951இன் ‘அமர் பூபாளி’, வசந்த் தேசாயின் இசைக்காக. 1957இன் ‘தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்’ இந்திப் படம்தான் என்றாலும், மராத்தியப் பகுதியிலிருந்த ஔந்த் சமஸ்தானத்தில் நடந்த திறந்தவெளிச் சிறைச் சோதனையிலிருந்து பிறந்தது. பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது பெற்ற இப்படமே 1975இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பல்லாண்டு வாழ்க’ ஆனது. தமிழில் முன்பே பார்த்தவர்கள் மூலத்தில் கைதிகளின் மௌனம் எவ்வளவு நீளமாக விடப்பட்டிருக்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டியது 1972இன் ‘பிஞ்ச்ரா’, அதாவது கூண்டு. ஊரே போற்றும் ஒழுக்கசீலரான ஆசிரியர் தமாஷா என்ற மராத்திய நாட்டுப்புறக் கூத்தின் நடனக்காரி ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். அவர் இறந்துவிட்டதாக நம்பும் ஊர் அவருக்குச் சிலை வைக்கிறது. கடைசியில், தம்மையே கொன்றதாக வரும் குற்றச்சாட்டை அவர் ஏற்றுக்கொள்கிறார். மருத்துவரும் மேடை நடிகருமான ஸ்ரீராம் லாகூ ஆசிரியராக நடித்த இந்தப் படத்தை எடுத்தபோது சாந்தாராமுக்கு எழுபது வயது. வண்ணமும் நடனமும் நிறைந்த படம்தான். ஆனால் ‘குங்கூ’விலிருந்து தொடங்கி இங்கே வந்து சேர்ந்தவருக்கு, அந்த நடனங்களுக்கு அடியில் தன் பெயரையே இழந்துகொண்டிருக்கும் மனிதனின் முகம்தான் முதலில் கண்ணில் படும்.