ஆடிக் காற்றில் சைக்கிள்: முன்னால் போகிறவரை ஒட்டி ஓட்டுவது எப்படி?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு ஆடி மாதத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வழியில் பெரிய மேடும் கிடையாது, பெரிய மறைப்பும் கிடையாது. சமதரையில் 30 கி.மீ. வேகம் போனால், மிதிக்கிற பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. முன்னால் ஒருவர் போனால் அதை அவர் வாங்கிக்கொள்வார். பின்னால் வருபவருக்குக் கால்வாசி உழைப்பாவது மிச்சம். இதுதான் டிராஃப்டிங்.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். சூரர் வேண்டாம், ஒரே சீராக மிதிப்பவர் போதும். அவரிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போங்கள்.

ஆரம்பத்தில் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். அங்கேயே வித்தியாசம் தெரியும். நன்றாகப் பழகிய பிறகு ஒரு சைக்கிள் நீளத்துக்கு வரலாம். அவருடைய பின்சக்கரத்தையே முறைத்துக்கொண்டு வராதீர்கள். தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள். ரொம்ப நெருங்கிவிட்டீர்களா? சட்டென்று பிரேக் பிடிக்காமல், மிதிப்பதை நிறுத்திக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நெஞ்சில் காற்று பட்டு வேகம் தானாகக் குறையும்.

உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போகவே கூடாது. அவர் ஒரு குழிக்கு ஒதுங்கினால் டயர்கள் உரசும். விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். அதனால் முன்னால் போகிறவர் "பள்ளம்", "மணல்", "ஆடு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். தை மாதத்தில் குன்றக்குடிப் பக்கம் பழனிக்கு நடப்பவர்கள் சாலையோரம் நிறைய வருவார்கள். அந்த நாட்களில் இதெல்லாம் வேண்டாம்.

முறை மாற்றும்போது, முன்னவர் திரும்பிப் பார்த்து, வண்டி வரவில்லை என்றால் மட்டும் வலப்பக்கம் லேசாக விலகி வேகத்தைக் குறைக்கட்டும். நீங்கள் வேகம் கூட்டாமல் அப்படியே நேராகப் போங்கள்.

பக்கக் காற்றில்தான் கணக்கு மாறும். தேவகோட்டைக்குப் போகையில் மேல்காற்று வலப்பக்கம் அடிக்கும், ஆக மறைப்பு முன்னவருக்கு இடப்பின்புறம். அவர் சாலை விளிம்பில் ஒட்டிக்கொண்டு போனால் உங்களுக்கு மண்தான் மிஞ்சும். கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது மறைப்பு வலப்புறம், அதாவது லாரி வருகிற பக்கம். ஆசைப்படாமல் நேர் பின்னாலேயே வாருங்கள்.

கடைசியாக, வாகனங்கள். 1899இல் அமெரிக்காவில் சார்லஸ் மர்ஃபி என்பவர் ரயிலுக்குப் பின்னால் ஓட்டி ஒரு மைலை ஒரு நிமிடத்துக்குள் கடந்தார். அதற்காகத் தண்டவாளத்துக்கு நடுவே பலகை பாவி, பெட்டியின் பின்புறம் காற்றுத் தடுப்பும் கட்டியிருந்தார்கள். டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் உங்களுக்கு யாரும் பலகை போடவில்லை. அது திடீரென்று நிற்கும், முன்னாலிருக்கும் குழியும் தெரியாது. வைக்கோல் டிராக்டர் மெதுவாகத்தானே போகிறது என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். பஸ் உங்களை முந்தும்போது காற்று ஒருமுறை உள்ளே இழுக்கும். ஹேண்டிலை இறுகப் பிடித்து அதைப் போகவிடுங்கள்.