நட்சத்திரங்களைப் படம் பிடிக்கப் பழைய டெலி லென்ஸ் (தூரத்தை இழுத்துக் காட்டுவது) வாங்கப் போகிறீர்களா? டார்ச்சோடு போங்க

பொள்ளாச்சியில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோ. பீரோவின் அடித்தட்டிலிருந்து பெரியவர் ஒரு தோல் உறையை எடுத்தார். “உறையோடவே பத்திரமா வெச்சிருந்தனுங்க கண்ணு” என்றார். எனக்கு அங்கேயே பாதி ஆசை போய்விட்டது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இருட்டும் சேர்ந்தால் பங்கஸுக்கு, அதாவது கண்ணாடியில் படரும் பூஞ்சைக்கு, வேறென்ன வேண்டும்?

உள்ளே இருந்தது சூப்பர் டாகுமார் 135 எம்எம், எஃப் 3.5 (எஃப் எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம்). ஃபிலிம் காலத்துச் சாமான். வானத்தைப் படம் பிடிக்க நான் முதலில் தேடச் சொல்வது இந்த 135-ஐத்தான், அடுத்து 200. ஜூம் வேண்டவே வேண்டாம். உச்சியைப் பார்த்து நிமிர்த்தினால் பல பழைய ஜூம்கள் தானாகவே சறுக்கும். 500 எம்எம் மிரர் லென்ஸ் மலிவாகக் கிடைக்கும், ஆனால் எஃப் 8-ல் வெளிச்சம் போதாது.

கேமராவில் மாட்டும் பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள். தூசி கிடந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பங்கஸ். மொத்தமும் பால் ஊற்றியது போல மங்கலாக இருந்தால் நட்சத்திரத்தைச் சுற்றி ஒளி பரவும், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் ஸ்குரூ தலைகள். பல்லடத்துப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் என் கண் முதலில் அங்கேதான் போகும். தலை சிதைந்திருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். என் முதல் லென்ஸில் இதைப் பார்க்காமல் விட்டேன். படத்தில் வலது மூலை நட்சத்திரங்களுக்கு மட்டும் வால் முளைத்தது. நாலு மூலையிலும் ஒரே மாதிரி வால் இருந்தால் அது லென்ஸின் சுபாவம். ஒரு பக்கம் மட்டும் என்றால் உள்ளே கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

கேமராவில் மாட்டித் தூரத்துக் காற்றாலை இறக்கையின் நுனியை ஃபோகஸ் செய்து பாருங்கள். டாகுமார் மாதிரி திருகி மாட்டும் எம்42 வகை லென்ஸின் மாட்டும் முகத்துக்கும் சென்சாருக்கும் இடையே 45.46 மில்லிமீட்டர் வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரில் 44 என்பதால் மெல்லிய அடாப்டர் (இடையில் மாட்டும் இணைப்பு வளையம்) போதும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் 46.5, உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் நட்சத்திரம் ஃபோகஸே ஆகாது. பழைய கேனான் எஃப்டி லென்ஸுக்கு இந்த இடைவெளி இன்னும் குறைவு, அதனால் அது மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

அபர்ச்சர் தகடுகளில் (வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கி விரிப்பவை) எண்ணெய் கசிந்திருக்கிறதா? அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். பெரியவர் 3,000 சொன்னார், 1,800-க்கு முடிந்தது. வானத்துக்குத் தகடுகளே தேவையில்லை. முழுசாகத் திறந்து வைத்தால் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஊதா வளையம் வரும். தகட்டைச் சுருக்கினால் வளையம் குறைந்து முள்முள்ளாகக் கதிர் வரும். நான் அலுமினியத்தில் 24 மில்லிமீட்டர் துளையோடு ஒரு வளையம் கடைந்து முன்னால் திருகிவிட்டேன். 135-ஐ 24-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட எஃப் 5.6. நட்சத்திரம் உருண்டையாக, முள் இல்லாமல் வருகிறது. லேத் இல்லாதவர்கள் லென்ஸின் முன்னால் திருகித் துளையைச் சிறிதாக்கும் ஸ்டெப் டவுன் ரிங் வாங்கிக்கொள்ளலாம். ஃபோகஸ் வளையம் லூசாக இருந்தால் டேப் ஒட்டுங்கள், போதும்.

வானத்தின் நகர்வோடு கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லாமல் ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவில் 135-க்கு 2 நொடி தாண்டினால் நட்சத்திரம் கோடாகும். நான் ஒன்றரை நொடியில் முந்நூறு படம் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் சிரில் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறேன். ஜனவரி, பிப்ரவரியில் ஓரியன் நெபுலாவில் (ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் உள்ள ஒளிரும் வாயு மேகம்) ஆரம்பிக்கலாம். ஆடிக் காற்றில் முயற்சி செய்யாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காற்றில் டிரைபாட் நிற்காது.

பெரியவரின் லென்ஸில் ஓரமாக ஒரே ஒரு இழைதான் இருந்தது, அதனால் எடுத்தேன். இப்போது சிலிக்கா ஜெல் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. தோல் உறையை அன்றைக்கே அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.